ஸ்கைவார்ன் வகுப்பு முடித்தாச்சு, ஹாம் லைசென்ஸும் கையில்: நெட்டில் நான் என்ன சொன்னால் உபயோகம்?

புதுஅலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோவின் முதல் நிலையான டெக்னீஷியன் தேர்வு எழுதி (35 கேள்வி, 26 சரியாக இருந்தால் பாஸ்) கால்சைன் (வானொலியில் என்னை அடையாளம் காட்டும் எழுத்துகள்) வந்துவிட்டது. அப்புறம் தேசிய வானிலை சேவை நடத்தும் ஸ்கைவார்ன் வகுப்புக்கும் போய் வந்தேன்; கடும் வானிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் தன்னார்வலர்களுக்கான (ஸ்பாட்டர்) பயிற்சி அது. சுமார் இரண்டு மணி நேரம், இலவசம். மேகப் படங்கள் காட்டினார்கள், வீடியோ போட்டார்கள், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

இப்போதுதான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. அமெரிக்கா முழுக்க சுமார் 160 டாப்ளர் ரேடார் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே செயற்கைக்கோள். எல்லார் பாக்கெட்டிலும் கேமரா வைத்த போன். இதற்கு நடுவில் ஒரு ஹேண்டியை (கைரேடியோ) பிடித்துக்கொண்டு, ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நெட்டில் நான் நின்று என்ன ஆகப்போகிறது? அலுவலக நண்பர் நேரடியாகவே சிரித்தார்.

வீட்டில் வேறு கேள்வி: "புயல் வந்தால் ஊரே உள்ளே ஓடும், நீங்க மட்டும் வெளியே போவீங்களா?"

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மேகக்கணக்கு எழுதியது:

ரேடார் விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரேடார் கற்றை நேராகப் போகிறது, பூமி கீழே வளைந்துகொண்டே போகிறது. போதாததற்கு அதன் வழக்கமான அடிக் கோணமே அரை டிகிரி மேல்நோக்கித்தான் இருக்கும். கணக்குப் போட்டால், ரேடாரிலிருந்து 60 மைல் தள்ளி கற்றையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கிறது. 120 மைல் என்றால் 12,000 அடிக்கும் மேல். நீங்கள் அந்த 120 மைல் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் தலைக்கு மேல் இரண்டு மைலுக்கும் உயரே மேகம் சுழல்வது வானிலை அலுவலகத்துக்குத் தெரியும். அது தரையைத் தொட்டதா என்பது தெரியாது. அந்த இடைவெளிக்குத்தான் மனிதக் கண்.

"சிதைவுக் குறியீடு ரேடாரில் தெரியுமே" என்று யாராவது வருவார்கள். தெரியும்தான். 2013 வாக்கில் எல்லா ரேடாரும் இரட்டைத் துருவமுனைக்கு (கிடையாகவும் செங்குத்தாகவும் அலை அனுப்பும் முறை) மாறிய பிறகு, காற்றில் பறக்கும் பலகையையும் தகரத்தையும் மழைத்துளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிறது. ஆனால் பலகை பறக்கிறது என்றால் யாருடைய கூரையோ ஏற்கெனவே போய்விட்டது. ஸ்பாட்டரின் வேலை அதற்கு முந்தைய சில நிமிடங்களில்.

---

கம்பிவடம் எழுதியது:

எதிர்க்கட்சியாக நான் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனிதக் கண் வேண்டும், சரி. அந்தக் கண்ணுக்கு ரேடியோ எதற்கு? எம்பிங் ஆப்பில் இரண்டு தட்டு தட்டினால் ஆலங்கட்டி அளவு போய்ச் சேருகிறது. படம் எடுத்து சமூக ஊடகத்தில் வானிலை அலுவலகத்தை டேக் செய்தால் அவர்களே பார்க்கிறார்கள். நெட்டில் ஒருவர் தொண்டையைச் செருமி, கால்சைன் சொல்லி, "குட் ஈவ்னிங்" சொல்லி முடிப்பதற்குள் படம் போய்விடும். ஸ்கைவார்னில் 3.5 லட்சத்துக்கும் மேல் பயிற்சி பெற்றவர்கள் என்று வானிலை சேவையே சொல்கிறது. ஸ்பாட்டராக ஹாம் லைசென்ஸ் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நான் பார்த்தவரை பாதி பேருக்கு மஞ்சள் ஜாக்கெட், கழுத்தில் அடையாள அட்டை, காரில் ஐந்து ஆண்டெனா. அதில்தான் ஆர்வம். மேகத்தில் இல்லை.

---

இருமீட்டர் எழுதியது:

அந்த ஐந்து ஆண்டெனா ஆசாமியை எனக்கும் தெரியும் 😀 எல்லா கிளப்பிலும் ஒருவர் இருப்பார்.

ஆனால் நெட் என்பது வெறும் "செய்தி அனுப்பும் வழி" என்று நினைப்பது சரியில்லை. ஆப்பில் நீங்கள் அனுப்புவது ஒருவழி. நெட்டில் ஒருவர் "மேற்கே சுழல்கிறது" என்று சொன்னால் அந்தப் பக்கம் இருக்கும் இருபது பேரும் அதே நொடியில் கேட்கிறார்கள். கிழக்கே இருப்பவர் தானே மேற்கு பக்கம் பார்க்க ஆரம்பிக்கிறார். நெட் கன்ட்ரோல் (நெட்டை நடத்துகிறவர்) உடனே "வடக்கே யாராவது இருக்கிறீர்களா, அங்கிருந்து என்ன தெரிகிறது?" என்று திருப்பிக் கேட்க முடியும். ஆப் திருப்பிக் கேட்காது.

இன்னொன்று, வானிலை அலுவலகத்தில் அந்த இரவு இருப்பது கொஞ்சம் பேர்தான். எச்சரிக்கை எழுதுகிறவர் நாற்பது அழைப்பை எடுத்துக்கொண்டிருக்க முடியாது. பல அலுவலகங்களில் அவர்களுக்கென்றே ஒரு ஹாம் நிலையம் இருக்கிறது. அங்கே உட்காரும் தன்னார்வலர் இருபது பேச்சை வடிகட்டி, உருப்படியான இரண்டை மட்டும் சீட்டில் எழுதி நீட்டுவார். நெட்டின் உபயோகத்தில் பாதி அந்த வடிகட்டல்.

---

கம்பிவடம் எழுதியது:

வடிகட்டல், சரி, ஏற்கிறேன். போன் டவர் விழுந்தால் என்ன என்று அடுத்து சொல்வீர்கள். இப்போது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது, நேராகச் செயற்கைக்கோளோடு பேசும் போனும் வந்தாச்சு.

---

மலைரிப்பீட்டர் எழுதியது:

டவர் விழுந்தால் என்ன என்பதற்குப் பழைய கதை எதுவும் வேண்டாம், 2024 செப்டம்பர் போதும்.

ஹெலீன் சூறாவளியின் மிச்சம் மேற்கு வட கரோலினா மலைப்பகுதியில் கொட்டியது. 27ஆம் தேதி பாலம், சாலை, மின்சாரம், போன், ஃபைபர் எல்லாம் ஒரே நாளில் போனது. மிசிசிப்பிக்குக் கிழக்கே மிக உயரமான சிகரம் மவுண்ட் மிட்செல், 6,684 அடி. அந்த மலையின் ரிப்பீட்டர் (சிறு ரேடியோக்களின் குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) மட்டும் தாக்குப்பிடித்தது. நாள் முழுக்க அதில் நெட் ஓடியது. "இந்தச் சாலையில் என் அம்மா இருக்கிறார், எண்பது வயது, இன்சுலின் வேண்டும்" என்கிற மாதிரி கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்க, யாரோ நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள்கூட மலிவு ஹேண்டியை வைத்துக்கொண்டு எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பேசாமல் காதால் கேட்பதற்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லையே.

ஸ்டார்லிங்க் வந்தது, நன்றாகவே உதவியது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது வந்து சேரும் வரைக்கும் இடையில் நாட்கள் இருந்தன. டிஷ் ஏற்கெனவே வைத்திருந்தவருக்கும் ஜெனரேட்டர் பெட்ரோல் தேட வேண்டியிருந்தது.

---

கம்பிவடம் எழுதியது:

இது நியாயம். ஆனால் அண்ணே, நீங்கள் சொல்வது பேரழிவுக்குப் பிந்தைய தொடர்பு. புதுஅலை கேட்டது புயல் வரும்போது பார்த்துச் சொல்லும் வேலை. இரண்டையும் கலந்துவிட்டால் "ஹாம் எல்லாவற்றுக்கும் வேண்டும்" என்று தோன்றிவிடும். பார்த்துச் சொல்லும் வேலையில் போன் பெரும்பாலும் வேலை செய்கிறது. அங்கே நெட்டுக்கு மதிப்பு இருப்பது இருமீட்டர் சொன்ன காரணத்தால்தான்.

---

ஆண்டெனா_அண்ணாச்சி எழுதியது:

சண்டையை அப்படியே விட்டுவிட்டு, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நெட்டில் என்ன சொல்வது?

முதலில் எதைச் சொல்லக் கூடாது: மழை பெய்கிறது, மின்னல் வெட்டுகிறது, வானம் கறுத்திருக்கிறது. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நெட் கன்ட்ரோல் தொடக்கத்திலேயே எவை வேண்டும் என்று வாசிப்பார். பெரும்பாலும் டொர்னாடோ (தரையைத் தொடும் சுழல்காற்று), புனல் மேகம் (தரையைத் தொடாத சுழல்), சுழலும் சுவர் மேகம் (புயலின் அடியிலிருந்து தாழ்ந்து தொங்குவது), ஓர் அங்குலமும் அதற்கு மேலும் ஆலங்கட்டி, மணிக்கு 58 மைலும் அதற்கு மேலும் காற்று, சேதம், வெள்ளம். அந்த ஓர் அங்குலமும் 58 மைலும் சும்மா வந்ததில்லை. கடும் இடிமழை எச்சரிக்கைக்கு வானிலை சேவை வைத்திருக்கும் வரம்பு அது. 2010 வரை ஆலங்கட்டிக்கு முக்கால் அங்குலமாக இருந்தது. இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் தெரியவில்லையென்றால் மைக்கைத் தொடாதீர்கள். மௌனமாக இருப்பதும் வேலைதான்.

சொல்ல இருக்கிறது என்றால் முதலில் கால்சைன் மட்டும். அவர் உங்களை அழைத்த பிறகு, இப்படி:

"நேரம் 6:12. கவுண்ட்டி சாலை, நெடுஞ்சாலை சந்திப்புக்கு இரண்டு மைல் வடக்கே நிற்கிறேன். எனக்கு மேற்கே சுமார் மூன்று மைலில் சுவர் மேகம். ஐந்து நிமிடமாகச் சுழல்கிறது. தரையில் எதுவும் தெரியவில்லை."

பதினைந்து வினாடி. இதே மேகத்தை நான் வேறு விதமாகவும் கேட்டிருக்கிறேன்: "அடேயப்பா, பெரிசா கறுப்பா ஏதோ தொங்குது, டொர்னாடோ மாதிரிதான் இருக்கு, எல்லாரும் பத்திரம்!" எங்கே? எந்தப் பக்கம்? சுழல்கிறதா? ஒன்றும் இல்லை. அதைத் திருப்பிக் கேட்டு வாங்குவதற்குள் நெட் கன்ட்ரோலுக்கு ஒரு நிமிடம் போய்விடும்.

ஆலங்கட்டி: "கோலி அளவு" என்று சொல்லாதீர்கள், கோலி பல அளவில் உண்டு. குவார்ட்டர் நாணயம் ஓர் அங்குலம், கோல்ஃப் பந்து 1.75, பேஸ்பால் 2.75. முடிந்தால் ஸ்கேல் வைத்து அளங்கள். விழுந்துகொண்டிருக்கும்போது ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டாம். நின்ற பிறகு எடுத்து ஃப்ரீசரில் போட்டுவைத்தாலும் அளக்கலாம்.

காற்று: அனிமோமீட்டர் (காற்றின் வேகமானி) இருந்தால் "அளந்தது", இல்லையென்றால் "மதிப்பீடு". இந்த ஒரு வார்த்தையை விடாதீர்கள். மரம் விழுந்தது என்றால் கிளை எத்தனை அங்குலத் தடிமன், பச்சை மரமா பட்டுப்போன மரமா என்று சொல்லுங்கள். பட்ட மரம் எந்தக் காற்றிலும் விழும்.

டொர்னாடோவுக்கு ஈஎஃப் எண் (அதன் பலத்தைக் குறிக்கும் எண்) கொடுக்கிற வேலை நமக்கு இல்லை. அது மறுநாள் சேதத்தைப் பார்த்து அவர்கள் போடுவது.

---

மேகக்கணக்கு எழுதியது:

அண்ணாச்சியின் பட்டியலோடு ஒன்று சேர்க்கிறேன். தவறான அறிக்கைகளில் பெரும்பாலானவை இரண்டு மேகங்களால் வருகின்றன.

ஒன்று, புயலின் முன்னால் நீளமாக அலமாரித் தட்டு போல வரும் ஷெல்ஃப் மேகம். பார்க்க பயங்கரமாக இருக்கும், படமும் அருமையாக வரும். அது மழையிலிருந்து வெளியே அடிக்கும் குளிர்காற்றின் முகப்பு. அந்தத் தட்டு முழுதாகச் சுழலாது. சுவர் மேகத்தை மழை இல்லாத அடித்தளத்தின் கீழே தேட வேண்டும். அமெரிக்காவில் சூப்பர்செல் (சுழலும் பெரும் இடிமேகம்) வடகிழக்காக நகரும்போது பெரும்பாலும் அது தென்மேற்குப் பக்கம்.

இரண்டாவது ஸ்கட், அதாவது கிழிந்த பஞ்சாகத் தாழ்வாக ஓடும் துண்டு மேகங்கள். ஒன்று கூம்பாகத் தொங்கினால் போதும், நெட்டில் "புனல்!" என்று குரல் வரும். கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு அச்சைச் சுற்றிச் சுழன்று, நீடித்தால்தான் சொல்ல வேண்டிய விஷயம். அரை நிமிடத்தில் கலைந்தால் ஸ்கட்.

---

புதுஅலை எழுதியது:

அண்ணாச்சி, மேகக்கணக்கு சார், இருவருக்கும் நன்றி. வகுப்பில் இந்தப் பட்ட மரம் விஷயம் வரவே இல்லை.

ஒரு குழப்பம். இடம் சொல்லும்போது நான் நிற்கும் இடத்தைச் சொல்லணுமா, மேகம் இருக்கும் இடத்தையா?

---

இருமீட்டர் எழுதியது:

இரண்டும். நீங்கள் நிற்கும் இடம் உறுதியானது, மேகத்தின் தூரம் உங்கள் கணிப்பு. "நான் இங்கே, அது இந்தத் திசையில், இவ்வளவு தூரம் இருக்கலாம்" என்று கொடுத்தால் அலுவலகத்தில் ரேடார் படத்தின் மேல் கோடு போட்டுப் பார்ப்பார்கள். வேறு இடத்திலிருந்து இன்னொருவர் திசை சொன்னால் இரண்டு கோடும் வெட்டும் புள்ளி கிடைக்கும். ஆகவே தூரத்தில் தப்பினாலும் திசையில் தப்பாதீர்கள். அவசரத்தில் கிழக்கும் மேற்கும் மாறுவது ரொம்ப சகஜம். போனில் திசைகாட்டி இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். (கம்பிவடம், பார்த்தீர்களா, போனுக்கும் வேலை கொடுத்துவிட்டோம்.)

---

வீட்டுநிலையம் எழுதியது:

வீட்டில் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்: வெளியே போக வேண்டாம்.

ஸ்பாட்டர் வேறு, புயலைத் துரத்துகிறவர் வேறு. உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து, தாழ்வாரத்திலிருந்து தெரிவதைச் சொன்னாலே அது முழு அறிக்கை. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் எல் ரீனோ டொர்னாடோ 2.6 மைல் அகலத்துக்கு விரிந்தது, பதிவானதிலேயே மிக அகலமானது. சட்டென்று திசை மாறி, வேகம் கூட்டியது. அதில் இறந்தவர்களில் வாழ்நாள் முழுக்கப் புயல் ஆராய்ச்சி செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடப் போவதில்லை. இரவில், மழைக்குள் மறைந்து வரும் டொர்னாடோவைப் பார்க்கப் போவது பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொன்று, வீட்டில் வெளி ஆண்டெனா இருந்தால் மின்னல் நெருங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். அப்புறம் ஹேண்டியில் பேசுங்கள். தலைக்கு மேல் இடி விழும்போது ரிக் (வீட்டு ரேடியோ) முன் உட்கார்ந்து நெட் நடத்துவது வீரம் இல்லை.

---

வங்கக்கரை எழுதியது:

நான் இந்தியாவிலிருந்து படிக்கிறேன். இங்கே டொர்னாடோ அபூர்வம், எங்கள் கதை புயலும் வெள்ளமும். கம்பிவடம் இரண்டு வேலையையும் பிரித்தது எனக்குப் பிடித்தது, ஆனால் சில நேரம் அது பிரியாது.

2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து ஒரு குழு, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயர் போயிருந்தது. போனது டிஎக்ஸ் எக்ஸ்பெடிஷனுக்கு, அதாவது அரிதான இடத்திலிருந்து தொலைதூர ஹாம்களோடு பேசும் பயணத்துக்கு. அந்தமானிலிருந்து அமெச்சூர் நிலையம் ஒலிப்பதே அரிது என்பதால் உலகமே வரிசையில் நின்று அவர்களை அழைத்துக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி காலை நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. அதே ரிக், அதே ஆண்டெனா, சில மணி நேரத்தில் அவசரநிலை நிலையமானது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உறவினர்களின் தகவலைக் கொண்டுபோனார்கள். யாரும் முன்கூட்டித் திட்டமிட்டதில்லை. பொழுதுபோக்காக நாள் முழுக்க நெரிசலில் கால்சைன் பிரித்துப் பழகிய காது அங்கே உதவியது.

வானிலைப் பக்கம் எனக்குப் பிடித்தது உங்கள் ஊர் ஹரிக்கேன் வாட்ச் நெட். 1965இல் பெட்ஸி சூறாவளியின்போது தொடங்கியது, 14.325 மெகாஹெர்ட்ஸ். சூறாவளி கரையேறும் இடத்துக்கு 300 மைலுக்குள் வந்தால் திறப்பார்கள். தீவில் இருக்கும் ஒரு ஹாம் தன் வீட்டு பாரோமீட்டரைப் படித்துச் சொல்ல, அது மயாமி சூறாவளி மையத்துக்குள் இருக்கும் ஹாம் நிலையத்துக்குப் போகிறது. அந்த நிலையம் 1980இலிருந்து இருக்கிறது. ஆப், ஸ்டார்லிங்க் எல்லாம் வந்தும் மூடவில்லை.

---

கம்பிவடம் எழுதியது:

வங்கக்கரை, அந்த பாரோமீட்டர் விஷயம் நல்ல பாயின்ட். அளவு என்பது கருத்து இல்லை. அங்கே நான் வாதாடமாட்டேன்.

---

மலைரிப்பீட்டர் எழுதியது:

பொதுப் பாதுகாப்புப் பக்கமும் கொஞ்சம். புதுஅலை, புயல் சீசனுக்குக் காத்திராதீர்கள். மராத்தான், சைக்கிள் ஓட்டம் மாதிரி நிகழ்வுகளுக்குக் கிளப்பில் ஆள் கேட்பார்கள், போங்கள். தண்ணீர் தீர்ந்தது, ஓட்டக்காரர் மயங்கினார், ஆம்புலன்ஸ் எந்தச் சந்தில் நுழையணும் என்று நாள் முழுக்கச் சிறு செய்திகள். பயிற்சி என்றால் அதுதான். 2013 பாஸ்டன் மராத்தானில் குண்டு வெடித்தபோது ஹாம் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வழித்தடத்தில் நின்றிருந்தார்கள். போன் நெட்வொர்க் நெரிசலில் திணறியபோது அவர்கள் தொடர்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஏரிஸ் (அமெச்சூர் ரேடியோ அவசரச் சேவை) குழுவில் சேருங்கள். 1935இலிருந்து இருக்கும் அமைப்பு. அவர்கள் ஐசிஎஸ்-213 படிவத்தில் செய்தி எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, யார் கையொப்பம் என்று எரிச்சலூட்டும் படிவம்தான். ஆனால் மருத்துவமனை "40 படுக்கை காலி" என்று சொன்னதா "14" என்று சொன்னதா என்ற தகராறு வரும்போது அந்தத் தாள்தான் தீர்க்கும்.

கூப்பிடாமல் போகாதீர்கள். இது எவ்வளவு சொன்னாலும் போதாது. 2017இல் மரியா சூறாவளிக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் போர்ட்டோ ரிக்கோவுக்கு 50 ஹாம் கேட்டது, கடைசியில் போனவர்கள் 22 பேர். கேட்டவர், இடம், வேலை எல்லாம் தெரிந்து போனார்கள். நாமாகக் கிளம்பிப் போனால், நமக்கே சோறும் படுக்கையும் தேட வேண்டிய இன்னொரு ஆள் ஆகிவிடுவோம்.

பணம் வாங்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். வேலை பார்க்கும் நிறுவனத்துக்காகப் பேசுவதும் எஃப்சிசியின் (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) அமெச்சூர் விதிகளான 97ஆம் பகுதியில் தடை. அரசு நடத்தும் பேரிடர் ஒத்திகையில் ஊழியர்களும் பங்கேற்கலாம் என்று 2010இல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். மருத்துவமனை ஊழியராக இருக்கும் ஹாம்களுக்கு அது பெரிய நிம்மதி.

---

வீட்டுநிலையம் எழுதியது:

பேட்டரி பற்றி யாரும் பேசாமல் இந்த இழை முடியக் கூடாது. 100 வாட் ரிக் கேட்கும்போது சுமார் ஓர் ஆம்பியர்தான் இழுக்கும், முழு சக்தியில் பேசும்போது 20 ஆம்பியர். ஆகவே பேச்சு குறைந்தால் பேட்டரி நீளும். ரிப்பீட்டருக்கும் பேட்டரிதான் உயிர். அது போனால் என்ன செய்வது என்று உங்கள் நெட்டில் கேளுங்கள். எந்த சிம்ப்ளக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும்) அலைவரிசைக்கு மாறுவது என்பது முன்பே எழுதி வைத்திருக்கணும். என் ஹேண்டியின் பின்னால் டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன், இரவில் டார்ச் அடித்தால் தெரிகிற அளவுக்குப் பெரிதாக.

---

புதுஅலை எழுதியது:

டேப் ஐடியா நாளைக்கே. வீட்டிலும் சொல்லிவிட்டேன், தாழ்வாரத்தைத் தாண்ட மாட்டேன் என்று. அதற்குத்தான் அனுமதி கிடைத்தது.

எங்கள் பக்கத்து ரிப்பீட்டரில் வாரா வாரம் பயிற்சி நெட் நடக்கிறது. ரிப்பீட்டருக்கு வேண்டிய அமைப்புகள், 600 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட், டோன் எல்லாம் போட்டாச்சு, கேட்கவும் கேட்கிறது. கடைசியில் "லேட் செக்-இன் (தாமதமாக வந்து பெயர் கொடுப்பவர்) யாராவது?" என்று நெட் கன்ட்ரோல் கேட்கிறாரே, புது ஆள் அப்போது வரலாமா, முதலிலேயே வரணுமா?

---

ஆண்டெனா_அண்ணாச்சி எழுதியது:

முதலிலேயே வாங்க தம்பி. கால்சைன், பெயர், "டிராஃபிக் இல்லை" (அனுப்பச் செய்தி இல்லை). அவ்வளவுதான். பிடிடியை (பேசும் பொத்தான்) அழுத்தி ஒரு வினாடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் கால்சைனின் முதல் எழுத்தை ரிப்பீட்டர் விழுங்கிவிடும்.